ஓய்வுக்குப் போதிய ஆண்டு வருவாய் யாது?

மாதத்தின் முதல் வாரத்தில் தல்லாகுளம் அஞ்சலகத்தின் பக்கமாகச் செல்வோர் ஒரு காட்சியைக் காணாதிரார். மூக்குக்கண்ணாடியும் ஊன்றுகோலும் துணிப்பையுமாக முதியோர் சிலர் தத்தம் கணக்குப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு முறைக்குக் காத்திருப்பர். வட்டி வந்ததா, எவ்வளவு வந்தது, புதிதாக இடும் பணத்திற்கு விகிதம் குறைந்துவிட்டதா என்பனவே அவர்தம் பேச்சு. சிறிது தொலைவில், பெருமாள் கோயிற் பக்கம், அவர்களோடொத்த வயதினளாகிய ஒரு மூதாட்டி பூக்கூடையின் முன் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருப்பாள். முன்னவர் உழைத்து ஓய்ந்தவர். பின்னவள் உழைப்பினின்றும் ஓய இயலாதவள். கல்லூரிக்கு வரும் வழியில் இவ்விரண்டையும் இரண்டாண்டுகளாகக் கண்டும் காணாதார்போல் நடந்த யாம், இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் வினாவை இவ்வாண்டு எம் இல்லத்திலேயே எதிர்ப்பட்டோம். ஒருவர் உழைப்பை விடுத்துக் கவலையின்றி வாழ ஆண்டொன்றுக்கு எவ்வளவு வருவாய் போதும் என்பதே அவ்வினா.

எம் தந்தையார் ஒரு தனியார் நிறுவனத்திற் கணக்கெழுதுபவர். வரும் ஆண்டு அவருக்கு 58 வயது நிறைகின்றது. அத்துடன் பணியும் நிறைகின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உணவுண்ட பின்னர், அவர் ஒரு தாளை எடுத்துத் தம் எதிர்காலத்தைக் கணக்கிட்டார். வைப்பு நிதியும் பணிக்கொடையும் சிறு சேமிப்புக்களும் சேர்ந்து 30 லட்சம் ரூபாய் தேறும். அதனை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடலாம். அத்திட்டத்தில் ஒருவர் இடத்தக்க தொகையின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்தினின்றும் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. அப்பொழுதே வட்டியும் 8.2 சதவீதமாயிற்று. அக்கணக்கின்படி ஆண்டு வட்டி 2,46,000 ரூபாய். இதனோடு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 4,500 ரூபாயளவில் வரும். அஃது ஆண்டுக்கு 54,000. இரண்டும் கூடி 3,00,000 ரூபாய். வீட்டுச் செலவோ மாதம் 25,000. பன்னிரண்டு மாதத்திற்கு அதுவும் 3,00,000 ரூபாயே. வரவும் செலவும் ஓரணாவும் பிசகாமல் ஒத்திருந்தன. தந்தையார் எழுதுகோலை மூடி, “போதும், இனி அஞ்சவேண்டுவதில்லை” என்றார்.

அருகில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த எம் பாட்டியார் தலைநிமிராமலே, “மாதக் கணக்குச் சரிதான் ஐயா, வருஷக் கணக்கு எங்கே?” என்று கேட்டார்.

அவ்வொரு வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. தந்தையாரின் தாளில் அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் முதலியவற்றிற்கு 10,000, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசிக்கு 3,000, மருந்துக்கு 4,000, போக்குவரத்திற்கும் துணிமணிக்கும் 3,000, வேலைக்காரிக்கு 2,000, காணிக்கைக்கும் மொய்க்கும் 3,000 என எழுதப்பட்டிருந்தன. மாதந்தோறும் வருவன யாவும் அதில் இருந்தன. ஆண்டுக்கொருமுறை வருவன ஒன்றும் இல்லை. வீட்டு வரி, மருத்துவக் காப்புறுதிக்குக் கட்டும் பிரீமியம், கிறிஸ்துமஸ் செலவு, ஒழுகும் கூரையைச் சீர்செய்தல், பழுதுபட்ட பம்பு, உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு ஊர் சென்று வருதல் என்பனவற்றைப் பாட்டியார் விரல்விட்டு எண்ண, யாம் எழுதினோம். மொத்தம் 60,000 ரூபாய் ஆயிற்று. ஆகவே வேண்டும் ஆண்டு வருவாய் 3,00,000 அன்று, 3,60,000. ஓய்வுக்காலத்தை மாதங்கொண்டு அளவாமல் ஆண்டுகொண்டு அளத்தல் வேண்டும் என்பார் கூற்றின் காரணம் இதுவேயாம். பன்னிரண்டு மாதம் கூடினால் ஓராண்டு என்பது நாட்காட்டிக்குப் பொருந்தும்; இல்லறச் செலவிற்குப் பொருந்தாது.

இதுவே முதற்படி. தமக்குச் சொந்த வீடு உண்டா, கடன் உண்டா, தம்மை நோக்கி வாழ்வார் எத்துணையர் என்பனவற்றால் இத்தொகை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். எம் பெற்றோர்க்குச் சிறு வீடு ஒன்று உண்டு. அஃதின்றி மாதம் 10,000 ரூபாய் வாடகை தரவேண்டியிருப்பின் இக்கணக்கு அந்நொடியே 4,80,000 ஆகிவிடும். ஆகலின் அயலார் ஒருவர் கூறும் எண்ணை நமக்குரியதெனக் கொள்ளுதல், அயலார் கண்ணாடியை வாங்கி அணிந்துகொள்ளுதலை ஒக்கும். ஒவ்வொருவரும் தம் வீட்டின் ஓராண்டுச் செலவை உண்மையாக எழுதிப் பார்த்தலே வழி.

இனி இரண்டாம் படிக்கு வருவோம். 3,60,000 ரூபாய் இன்று போதும், என்றும் போதுமா? திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், பொருள் வரும் வழி சிறியதாயினும் போகும் வழி பெருகாதாயின் கேடில்லை என்னும் கருத்தை வைத்தார். சிக்கனத்திற்கு இதனினும் சிறந்த விதி இல்லை. ஆயின் இக்காலத்தில் ஓர் இடர் உண்டு. போகும் வழியை நாம் பெருக்காமலே விலைவாசி பெருக்கிவிடுகின்றது. இந்தியாவில் 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு விதிக்கப்பட்ட குறிக்கோளே விலையுயர்வை ஆண்டுக்கு 4 சதவீதத்தில், இரண்டு மேலும் கீழுமாக, நிறுத்துவதுதான்; உயர்வே இல்லாமற் செய்வதன்று. 72 என்னும் எண்ணை உயர்வு விகிதத்தால் வகுத்தால் விலை இரட்டிக்கும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது கணக்கர் கைக்கொள்ளும் எளிய வழி. 5 சதவீதமாயின் பதினான்கு ஆண்டுகளுக்குச் சற்று மிகும். எனவே 58 வயதில் 3,60,000 ஆக இருந்த செலவு, அதே சோறும் அதே மருந்துமாக இருக்க, 72 வயதில் ஏறக்குறைய 7,13,000 ஆகிவிடும். தந்தையாரின் வருவாயோ அன்றும் 3,00,000 ரூபாயே. அவர் பெறும் தொழிலாளர் ஓய்வூதியத்தில் விலைவாசிக்கேற்ப உயரும் அகவிலைப்படி இல்லை. சேமிப்புத் திட்டத்தின் வட்டியும் இட்ட நாளில் உள்ள விகிதத்தில் ஐந்தாண்டு நிற்குமேயன்றி உயராது. ஐந்தாண்டு கழிந்து நீட்டிக்கும்போது அந்நாளைய விகிதம் யாதோ அதுவே கிடைக்கும்.

வட்டி குறைதலும் நம் நாடு கண்டறியாததன்று. பொதுச் சேமநல நிதிக்கு 1986 முதல் 2000 ஜனவரி வரை 12 சதவீத வட்டி அளிக்கப்பட்டது. 2003 மார்ச்சில் அது 8 சதவீதமாயிற்று; 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாயிற்று. இவ்வெண்களின் பொருளை எமக்கு விளக்கியவர் எம் பாட்டனார். அவருக்கு இப்பொழுது 88 வயது. அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து 1996இல் ஓய்வுபெற்றவர். அதே ஆண்டில் அவர் நண்பர் ஒருவரும் தனியார் கம்பெனியொன்றிலிருந்து ஓய்வுபெற்றாராம். நண்பர் கையில் 4 லட்சம் ரூபாய் இருந்தது. 12 சதவீத வட்டிக்கு இட்டார். மாதம் 4,000 ரூபாய் வந்தது. பாட்டனாரின் ஓய்வூதியம் அதனிற் குறைவு. “அன்று அவன் என்னைப் பார்த்து இரங்கினான்” என்று பாட்டனார் நகைத்தார். பின்னர் வட்டி 8 சதவீதமாக இறங்க, நண்பரின் மாத வருவாய் 2,700 ரூபாய்க்கும் கீழே போயிற்று. விலைகளோ மேலே போயின. தம் 66ஆம் வயதில் அவர் ஒரு கடையில் மீண்டும் கணக்கெழுத அமர்ந்தார். பாட்டனாரின் ஓய்வூதியமோ அகவிலைப்படி உயர்வுகளாலும் ஊதியக்குழுத் திருத்தங்களாலும் படிப்படியாக உயர்ந்து, இன்றும் அவர் மருந்துக்கும் பேரப்பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் உடைக்கும் பிறர் கையை எதிர்பாராதவாறு காத்துவருகின்றது.

இவ்விருவர் வாழ்வையும் சீர்தூக்கினால் ஓர் உண்மை வெளிப்படுகின்றது. ஓய்வுக்காலத்தில் வருவாய் எவ்வளவு என்பதனினும் அவ்வருவாய் எத்தகையது என்பதே பெரிது. விலையோடு உயரும் சிறு வருவாய், விலைக்குப் பின்தங்கும் பெருவருவாயினும் சிறந்தது. இதனாலன்றோ ஓய்வூதியத்தைக் குறித்து நம் நாட்டில் இத்துணைப் பெரிய வழக்குகளும் போராட்டங்களும் எழுந்தன! ஓய்வூதியம் அரசு மனமிரங்கி ஈயும் கொடையன்று, முன்செய்த பணிக்குரிய உரிமை எனும் கொள்கையை உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் நிலைநாட்டியது. பின்னர் அரசுகளின் போக்கு மாறியது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதற் பணியிற் சேர்ந்தோர்க்கும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதற் சேர்ந்தோர்க்கும், ஊழியரும் பணம் கட்டும் பங்களிப்புத் திட்டங்கள் கொணரப்பட்டன. அவற்றில் இறுதியில் எவ்வளவு கிடைக்கும் என்னும் உறுதி இல்லாமையே ஊழியர் முறையீடு. இருபதாண்டுகள் கழிந்து, 2025 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 25 ஆண்டு பணிபுரிந்தவர்க்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படை ஊதியத்திற் பாதியும், விலையுயர்வுக்கேற்ற நிவாரணமும் அதில் உறுதி செய்யப்பட்டன. வருவாயின் அளவினும் அதன் இயல்பே முதன்மை என்பதை இவ்வரலாறும் காட்டாநிற்கும்.

அத்தகைய ஓய்வூதியம் இல்லாதார், அதனைத் தம் சேமிப்பினின்றே ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். அதற்கு எத்துணை முதல் வேண்டும்? அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்பார் 1994இல் ஒரு கணக்கை வெளியிட்டார். 1926 முதல் அந்நாட்டுப் பங்குகளும் கடன்பத்திரங்களும் ஈட்டிய பயனை ஆராய்ந்து, முதலில் நூற்றுக்கு நான்கு வீதம் முதல் ஆண்டில் எடுத்துப் பின்னர் விலையுயர்வுக்கேற்பக் கூட்டி எடுப்பவர்க்கு அம்முதல் முப்பதாண்டு தாங்கும் எனக் கண்டார். வேறு வகையாற் சொல்லின், ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு முதல் வேண்டும். இஃது அந்நாட்டு நிலைக்குரியது. பணத்தின் ஒரு பகுதி பங்குகளிற் கிடந்து வளர்ந்ததால் இயன்றது. வைப்புத்தொகையின் வட்டியையே நம்புவார்க்கு, வட்டி விலையுயர்வை ஒட்டியே செல்லுமாயின், எத்தனை ஆண்டு வாழ்வோமோ அத்தனை மடங்கு வேண்டும் எனக் கொள்ளுதலே பாதுகாப்பு.

எம் இல்லக் கணக்கில் இதனைப் பொருத்திப் பார்த்தோம். வேண்டுவது 3,60,000, அதில் ஓய்வூதியம் 54,000 போக, சேமிப்பினின்று வேண்டுவது 3,06,000. அதன் 25 மடங்கு 76,50,000 ரூபாய். கையில் வரவிருப்பது 30,00,000. தாளை நோக்கி எல்லோரும் வாளா இருந்தோம். இன்னும் ஒன்றை யாம் வாய்விட்டுச் சொல்ல அஞ்சினோம், தந்தையாரே சொன்னார். தொழிலாளர் ஓய்வூதியத்தில் கணவர்க்குப்பின் மனைவிக்குக் கிடைப்பது பாதியே. “நான் முந்திக்கொண்டால் உன் அம்மாவுக்கு வருவது 27,000 ரூபாய்” என்றார். மாதத்திற்கன்று, ஆண்டிற்கு.

ஆயினும் கணக்கு அச்சுறுத்துவதற்கு அன்று; வழிகாட்டுவதற்கே. இக்குறையை நிரப்ப வழிகள் சில உள. முதலாவது, ஓய்வைச் சிறிது தள்ளிவைத்தல். தந்தையார் அரைநாட் கணக்குவேலை ஒன்றை ஈராண்டு ஏற்று மாதம் 15,000 ரூபாய் ஈட்டுவாராயின், ஆண்டுக்கு 1,80,000 ஆகும். ஓய்வூதியத்தோடு கூட்டினால் 2,34,000. செலவுக்கு வட்டியினின்று வேண்டுவது 1,26,000 மட்டுமே. எஞ்சும் 1,20,000 முதலோடு சேரும். ஈராண்டில் 2,40,000 கூடுவதோடு, முதலை உண்ணும் ஆண்டுகளில் இரண்டு குறையும். தமிழக அரசே தன் ஊழியரின் ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியதை நினைவுகூர்க.

இரண்டாவது, முதல் முழுவதையும் ஒரே இடத்தில் இட்டு, வரும் வட்டி முழுவதையும் உண்ணாதிருத்தல். தொடக்க ஆண்டுகளில் வட்டியின் ஒரு கூற்றைத் திரும்ப விதைப்பவரே பிற்கால விலையுயர்வுக்கு ஈடுகொடுப்பர். விதைநெல்லைக் குற்றி உண்ணும் உழவன் அடுத்த பருவத்தை இழப்பான் என்பது வைகைக்கரை நாட்டாரான நமக்கு ஒருவர் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவது, நோய்க்குத் தனியே அணை கட்டுதல். ஒரே ஒரு அறுவை மருத்துவம் பத்தாண்டுச் சிக்கனத்தை விழுங்கவல்லது. 70 வயது நிறைந்த யாவர்க்கும் வருமான வரம்பின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காப்பளிக்கும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆயின் 58க்கும் 70க்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் உள. பணியிலிருக்கும்போதே காப்புறுதி எடுத்து விடாமற் கட்டிவருதலே அவ்விடைவெளியைக் கடக்கும் பாலமாம்.

நான்காவது வழியைக் கண்டவர் யாமே; காணாதிருந்தால் நன்றெனவும் எண்ணினோம். தந்தையார் 30 லட்சத்தில் 6 லட்சத்தை எமது மேற்படிப்பிற்கென மனத்துள் ஒதுக்கியிருந்தார், தாளில் எழுதவில்லை. அத்தொகையை எடுத்தால் ஆண்டு வட்டியிற் குறைவது 49,200 ரூபாய். அஃதாவது அவர்தம் ஓய்வூதியம் முழுமைக்கும் ஏறக்குறைய ஒப்பு. எம் ஈராண்டுப் படிப்பின் விலையைப் பெற்றோர் தம் ஆயுள் முழுதும் ஆண்டுதோறும் செலுத்திக்கொண்டிருப்பர்! பிள்ளைகளே முதுமைக்குக் காப்பு என்று நம் முன்னோர் கருதினர். அக்காப்பு பிற்காலத்தில் பணம் அனுப்புவதில் மட்டும் இல்லை. முற்காலத்தில் அவர் முதலைக் கரைக்காதிருப்பதிலும் உண்டு. உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதென்றும், மாலையிற் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்து ஈட்டுவதென்றும் அன்றிரவே உறுதி செய்தோம். தந்தையார் ஒன்றும் கூறவில்லை. தாளின் ஓரத்தில் தாம் எழுதாதிருந்த அந்த 6 லட்சத்தை எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்தார்.

மாணவ நண்பர்காள்! பத்தொன்பது வயதில் ஓய்வைப் பற்றி எண்ணுதல் நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஒரு கணக்கைக் கேண்மின். 22 வயதில் பணியேற்கும் ஒருவர் மாதம் 2,000 ரூபாய் சேமித்து, ஆண்டுக்கு 8 சதவீதம் பெருகுமெனக் கொண்டால், 58 வயதில் அவர் கையில் ஏறக்குறைய 45 லட்சம் ரூபாய் இருக்கும். அதே தொகையை 40 வயதிற் சேமிக்கத் தொடங்குபவர் கையில் 9 லட்சமே இருக்கும். சேமித்த ஆண்டுகள் இருமடங்கு. சேர்ந்த செல்வமோ ஐம்மடங்கு. நம்மிடம் இன்று பொருள் இல்லை. பொருளினும் அரிய காலம் உண்டு.

இறுதியாக, கவலையற்ற வாழ்வு என்பதன் எல்லை யாது? மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் புறநானூற்று 189ஆம் செய்யுளில், உலகாளும் மன்னனுக்கும் காட்டில் விலங்கைத் தேடி அலைவோனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவின என்று காட்டி, செல்வத்தின் பயன் ஈதலே என முடித்தார். எம் தந்தையாரின் தாளிலும் காணிக்கைக்கும் மொய்க்கும் 3,000 ரூபாய் இருந்தது. குறைக்கத்தக்கது யாது என யாம் தேடியபோது அதன்மேற் கைவைக்க முனைந்தோம். பாட்டனார் தடுத்தார். “கொடுக்க இயலாதபடி வாழ்வது ஓய்வு அன்று; ஒடுக்கம்” என்றார்.

ஆகவே எம் ஆராய்ச்சியின் முடிபு இது. ஓராண்டுச் செலவு முழுவதையும், ஆண்டுக்கொருமுறை வருவனவும் விடாது, தாங்குவதாய்; விலை உயர உயரத் தானும் உயர்வதாய்; துணைவர் ஒருவர் பிரிந்தபின்னும் மற்றவரைக் கைவிடாததாய்; பிறர்க்குச் சிறிது ஈவதற்கும் இடந்தருவதாய் உள்ள வருவாயே போதிய வருவாய். இந்நான்கும் உடையதாயின் சிறு தொகையும் போதும். இவை இன்றேல் பெருந்தொகையும் போதாது.

பூக்கூடைமுன் அமர்ந்த அம்மூதாட்டியை நாம் மறத்தல் ஆகாது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கில் ஆண்டுக்கு 14,400 ரூபாய். யாம் எழுதிய 3,60,000இல் இருபத்தைந்தில் ஒரு கூறு. 25 மடங்கு முதல் வேண்டும் என்று நாம் எண்ணிக் கவலும் அதே தெருவில், நம் செலவில் இருபத்தைந்தில் ஒரு பங்கை நம்பி முதுமையைக் கழிப்போர் இருக்கின்றனர். தமக்கு எவ்வளவு போதும் என்று கணக்கிடக் கற்பவர், பிறர்க்கு எவ்வளவு போதாது என்பதையும் அதே கணக்கால் அறிவர். கல்வி கற்ற நாம் இவ்விரண்டாவது கணக்கையும் மறவாது எழுதுவோமாக.